சிறைக்குப் போனால் கடன் தீருமா?



"ஒரு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டால் ஜீவனாம்சக் கணக்குத் தீர்ந்தது" என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். இது தவறு. ஜப்தி வாரண்டுக்குப் பிறகும் பாக்கி நின்றால், தக்க காரணமின்றித் தவறியவருக்கு மாதத்துக்கு ஒரு மாதம் வரை சிறை என்கிறது, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவு. சிறையிருந்தாலும் பாக்கி ஒழியாது என்று சுப்ரீம் கோர்ட் 1988-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

உள்ளே இருப்பவனுக்குக் கூலி ஏது? வெளியே குழந்தைக்குக் கஞ்சி ஏது?

ஆலை மூடினால், கூலி குறைந்தால் ஒளிய வேண்டாம். தொகையைக் குறைக்கக் கோர்ட்டில் மனுப் போடுவோம். தாய்மார்களும் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் மனுச் செய்யவேண்டும்.

முதலாளியிடம் கூலிபாக்கி கேட்கும் நாம், பெற்ற பிள்ளைக்குப் பாக்கி வைக்கலாமா?