கண்டதும் கேட்டதும்



ஆங்கிலம் பயிலும் நம் மாணவர்கள் இடறும் இடங்கள் சில உண்டு. காணல், கேட்டல், உணர்தல் முதலிய புலனறிவைக் குறிக்கும் வினைகளை அடுத்து மற்றொரு வினை வருமிடம் அவற்றுள் ஒன்று. 'அவன் சாலையைக் கடக்கக் கண்டேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதுமாறு சொன்னால், ஒருவர் 'ஐ ஸா ஹிம் டு கிராஸ் தி ரோட்' என்று எழுதுவார். மற்றொருவர் 'ஐ ஸா ஹிம் கிராஸ்ட் தி ரோட்' என்பார். இரண்டும் பிழை. 'ஐ ஸா ஹிம் கிராஸ் தி ரோட்' என்பதே முறை. இஃது ஏன் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இரண்டாவது பிழையை முதலில் நோக்குவோம். கண்டது இறந்த காலம். ஆகவே கடந்ததும் இறந்த கால வடிவில் இருத்தல் வேண்டும் என்று மாணவர் எண்ணுகிறார். அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும், காலம் காட்டும் பொறுப்பை 'ஸா' என்னும் முற்றுவினையே ஏற்றுக்கொள்கிறது. இது தமிழருக்குப் புதியதன்று. 'அவள் பாடக் கேட்டேன்' என்று நாமும் சொல்கிறோம். பாட்டு நேற்று நிகழ்ந்ததா, இன்று நிகழ்வதா என்பதைப் 'பாட' என்னும் எச்சம் சொல்லவில்லை. 'கேட்டேன்' என்னும் முற்றே சொல்கிறது. இதனை நினைவிற் கொண்டால் 'ஐ ஹெர்ட் ஹெர் ஸிங்' என்பது தானே நாவில் வரும்.

இனி, அவ்விடத்தில் 'டு' ஏன் வருவதில்லை? 'டு' என்பது முதலில் திசையையும் நோக்கத்தையும் குறித்த சொல். பழைய ஆங்கிலத்தில் வினையெச்சத்துக்கு 'அன்' என்னும் ஈறே பொது அடையாளமாக இருந்தது. காலப்போக்கில் அவ்வீறு தேய்ந்து மறைந்தது; 'டு' பல இடங்களிலும் பரவி அதன் பணியை மேற்கொண்டது. காணல், கேட்டல் ஆகிய வினைகளின் பின்னரோ பழைய வழக்கே நிலைத்து நின்றது. எனவே, இங்கு 'டு' விடுபட்டது என்பதைவிட, வந்து சேரவே இல்லை என்பதே பொருந்தும்.

ஆனால், வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றினால் 'டு' வந்து சேர்கிறது. 'ஹி வாஸ் ஸீன் டு கிராஸ் தி ரோட்' என்றே எழுதுதல் வேண்டும். 'செய்வித்தல்' என்னும் பொருளில் வரும் 'மேக்' என்ற வினைக்கும் இதுவே விதி. செய்வினையில் 'டு' இல்லை, செயப்பாட்டில் உண்டு. இவ்விரண்டையும் இணைத்தே மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நலம்.

அடுத்து, 'ஐ ஸா ஹிம் கிராஸிங் தி ரோட்' என்னும் வாக்கியத்தைக் கருதுவோம். இதுவும் பிழையற்றதே, ஆனால் பொருளில் நுட்பமான வேறுபாடு உண்டு. 'கிராஸ்' என்றால், இப்புறமிருந்து அப்புறம் சேரும் வரை முழுச் செயலையும் கண்டேன் என்பது கருத்து. 'கிராஸிங்' என்றால், செயல் நடந்துகொண்டிருக்கும்போது கண்டேன் என்பது கருத்து. அவன் மறுபுறம் சேர்ந்தானா என்பது பற்றி அவ்வாக்கியம் வாய் திறப்பதில்லை. கதவு தட்டுதலைக் குறிக்கும் 'நாக்' போன்ற வினையாயின், 'நாக்கிங்' என்பது பலமுறை தொடர்ந்து தட்டியதைக் குறிக்கும்.

இது வெறும் இலக்கண நுணுக்கம் என்று ஒதுக்கிவிட வேண்டா. ஆற்றில் மூழ்கிய சிறுவன் ஒருவனைப் பற்றிச் சொல்வதாகக் கொள்வோம். 'ஐ ஸா ஹிம் டிரவுனிங்' என்றால் அவன் நீரில் தத்தளிக்கக் கண்டேன் என்பது பொருள். ஓடிச் சென்று காப்பாற்றினேன் என்று அடுத்த வாக்கியம் தொடரலாம். 'ஐ ஸா ஹிம் டிரவுன்' என்றாலோ, அவன் மூழ்கி இறந்ததைக் கண்டேன் என்பதே பொருள். அதற்குப்பின் காப்பாற்றுவதற்கு யாருமில்லை. 'இங்' என்னும் ஒரு சிறிய ஈற்றில் ஓர் உயிர் நிற்கிறது!

இன்னொன்று. 'ஐ ஹெர்ட் ஹிம் திரெட்டன் ஹெர்' என்பதற்கும், 'ஐ ஹெர்ட் தட் ஹி திரெட்டண்ட் ஹெர்' என்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. முன்னது, அவன் அவளை மிரட்டியதை என் காதாற் கேட்டேன் என்பது. பின்னது, மிரட்டினான் என்று கேள்விப்பட்டேன் என்பது. தமிழில் 'கேட்டேன்', 'கேள்விப்பட்டேன்' என இரு சொற்கள் அவ்வேறுபாட்டைக் காக்கின்றன. ஆங்கிலத்திலோ ஒரே வினைதான். பின்வரும் அமைப்பே வேறுபாட்டைக் காட்டுகிறது. கண்டதைக் கண்டவரும், கேட்டதைக் கேட்டவருமே நேரில் சொல்லுதல் வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 60ஆம் பிரிவில் வகுத்த நெறி. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்துக்கு வந்த புதிய சட்டமும் அந்நெறியைக் கைவிடவில்லை. ஆதலின், சாட்சியின் தமிழ்க் கூற்றை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் இவ்விடத்தில் தவறினால், நேரில் கேட்டவர் வதந்தி கேட்டவராகிவிடுவார். வதந்தி கேட்டவர் நேர்ச்சாட்சியாகிவிடுவார்.

எல்லாப் புலன்வினைகளும் ஒரே தன்மையன அல்ல என்பதையும் கருதுதல் வேண்டும். முகர்தலைக் குறிக்கும் 'ஸ்மெல்' என்னும் வினையை அடுத்து 'இங்' வடிவமே வரும். 'ஐ ஸ்மெல் ஸம்திங் பர்னிங்' என்பது முறை. 'பர்ன்' என்று எழுதுவது வழக்கன்று. தீயும் மணம் தொடர்ந்து மூக்கை எட்டுமேயன்றி, எரிந்து முடியும் வரை முழுச் செயலையும் மூக்கு அறிவதில்லையன்றோ?

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி என்பவர், 1954இல் வெளியிட்ட நூலில் ஆங்கில வினையமைப்புகளை 25 வகையாகப் பகுத்தார். 'டு' இல்லாத எச்சம் வரும் அமைப்பையும், 'இங்' வரும் அமைப்பையும் தனித்தனி வகைகளாகவே வைத்தார். ஒரு வினையைக் கற்கும்போது அதன் பொருளோடு நின்றுவிடாமல், அதனைத் தொடர்ந்து வருவது எது என்பதையும் சேர்த்துக் கற்க வேண்டும் என்பதே நாம் அதிற் கொள்ளத்தக்க பாடம்.

எனவே, மாணவ நேயர்களே, இத்தகைய வாக்கியம் எழுதுமுன் உங்களையே மூன்று கேள்விகள் கேளுங்கள். நேரில் கண்டேனா, பிறர் சொல்லி அறிந்தேனா? நேரில் கண்டேனாயின், முழுவதும் கண்டேனா, இடையில் கண்டேனா? வாக்கியம் செய்வினையா, செயப்பாட்டா? இவற்றுக்கு விடை கிடைத்தால் வினையின் வடிவமும் கிடைத்துவிடும். கண்டதைக் கண்டவாறும், கேட்டதைக் கேட்டவாறும் சொல்வது எம்மொழியிலும் நேர்மையின் முதற்படி. அதற்குத் துணை நிற்பதே இலக்கணம்.