டீட்டர் ராம்ஸ்: வேண்டாததை விலக்கிய வடிவமைப்பு

டீட்டர் ராம்ஸ் 1955ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் இயங்கிய பிரவுன் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23. கட்டடக் கலையும் உள்ளறை அமைப்பும் பயின்றவர் என்பதால், நிறுவனத்தின் அறைகளைச் சீர்செய்யும் வேலைக்குத்தான் முதலில் எடுக்கப்பட்டார். வானொலிப் பெட்டி வடிவமைக்க வேண்டும் என்று யாரும் அவரை அழைக்கவில்லை. ஆனால் 1961இல் அவர் அந்நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவரானார். 1995 வரை அப்பொறுப்பில் இருந்தார். வானொலி, இசைத்தட்டுக் கருவி, கடிகாரம், கால்குலேட்டர் என 500க்கும் மேற்பட்ட பொருள்கள் அவர் கையாலோ அவர் மேற்பார்வையிலோ உருவாயின.

அந்தக் காலத்து வானொலிப் பெட்டியை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அவர் செய்த மாற்றம் விளங்கும். போருக்குப் பிந்தைய ஜெர்மன் வீட்டுக் கூடத்தில் வானொலி ஒரு மர அலமாரியின் தோரணையோடு வீற்றிருந்தது. மெருகேற்றிய கரிய மரம், பொன்னிறப் பட்டைகள், முன்புறம் இழுத்துக் கட்டிய துணி: இதுவே அதன் உருவம். ஒலியை மாற்றும் குமிழும் அலங்காரமும் ஒன்றோடொன்று கலந்திருந்ததால், எதைத் தொட வேண்டும், எதைப் பார்த்தாலே போதும் என்று பிரித்தறிவது கடினம். 1951இல் நிறுவனத்தைத் தொடங்கிய மாக்ஸ் பிரவுன் இறந்தபின் பொறுப்பேற்ற ஆர்தர், எர்வின் என்ற அவருடைய இரு மகன்களும் புதிய வீடுகளுக்குப் புதிய கருவிகள் தேவை என்று கருதினார்கள். அதற்காக உல்ம் நகரில் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த வடிவமைப்புப் பள்ளியை நாடினார்கள். அங்கிருந்து வந்த ஹான்ஸ் குகெலோவோடு சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு இளைஞர் ராம்ஸுக்குக் கிடைத்தது.

இருவரும் சேர்ந்து 1956இல் உருவாக்கிய எஸ்.கே.4 என்ற கருவியைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் ஒரே பெட்டியில் அமைந்தது அது. வளைத்த வெள்ளை உலோகத் தகடு உடல். இரு பக்கங்களிலும் எல்ம் மரப்பலகை. ஒலி வெளிவர முன்புறத்தில் நேர்க்கோட்டுப் பிளவுகள். இயக்கும் பகுதிகள் எல்லாம் மேல்தளத்துக்குச் சென்றன. மூடியை முதலில் உலோகத்தில்தான் செய்து பார்த்தார்கள். ஒலியைக் கூட்டியபோது அது அதிர்ந்து சத்தமிட்டது. ராம்ஸ் அதற்குப் பதிலாக ஒளிபுகும் அக்ரிலிக் மூடியைப் போடலாம் என்றார். போட்டி நிறுவனத்தார் அதைப் பார்த்து, குழந்தைக் கதையில் வரும் இளவரசி ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி என்று கேலி செய்தார்கள். சில ஆண்டுகளில் உலகெங்கும் இசைத்தட்டுக் கருவிகள் அதே கண்ணாடி போன்ற மூடியோடுதான் விற்பனைக்கு வந்தன. அழகுக்காக எடுத்த முடிவு என்று இன்று பலரும் எண்ணும் ஒன்று, அதிர்வை அடக்கத் தேடிய வழியில் பிறந்தது. வடிவமைப்பைப் பற்றிப் பேசுவோர் இந்த வரிசையை மறந்துவிடுவது வழக்கம்.

இதே போக்கு அடுத்த கருவிகளிலும் தெரிகிறது. 1958இல் வந்த டி3 என்ற சட்டைப்பை டிரான்சிஸ்டரின் முகத்தில் ஒலித் துளைகளும் ஒரு வட்டச் சுழலியும் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. அடுத்த ஆண்டு அதே குடும்பத்து வானொலியும் ஒரு சிறிய இசைத்தட்டுக் கருவியும் ஓர் அலுமினியச் சட்டத்தில் இணைந்தன. அதில் ஊசி இசைத்தட்டின் அடிப்புறத்திலிருந்து ஒலியை வாசிக்கும். 1963இன் டி1000 உலகின் பல அலைவரிசைகளைப் பிடிக்கக்கூடிய பெரிய கருவி. அத்தனை குமிழ்களும் எண்வரிசைகளும் ஒரு மூடிக்குப் பின்னால் அடங்கின. தேவைப்படும்போது திறந்தால் போதும். 1987இல் டீட்ரிஷ் லூப்ஸோடு சேர்ந்து செய்த இ.டி.66 கால்குலேட்டரில் பொத்தான்கள் குவிந்த வட்டங்களாக இருந்தன. சமக்குறிப் பொத்தான் மட்டும் மஞ்சள். கணக்கு முடியும்போது விரல் எங்கே போக வேண்டும் என்பதை அந்த ஒரு நிறமே சொல்லிவிடும். மற்றவற்றுக்கும் ஆளுக்கொரு நிறம் பூசியிருந்தால் இந்தப் பலன் போயிருக்கும்.

இவ்வளவையும் ஒரே மனிதர் தனியே அமர்ந்து வரைந்தார் என்று கொள்வது தவறு. சமையலறை இயந்திரத்தை கெர்ட் ஆல்பிரட் முல்லர் வடிவமைத்தார்; கடிகாரங்களில் லூப்ஸின் பங்கு பெரிது; சவர இயந்திரங்களில் ரோலண்ட் உல்மன் நெடுங்காலம் உழைத்தார். மாதிரி செய்யும் பட்டறையும் பொறியாளர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். காகிதத்தில் அழகாகத் தோன்றும் விளிம்பு கையில் பிடித்தால் உறுத்துகிறதா என்பதை மாதிரியைத் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். ராம்ஸின் தாத்தா ஒரு தச்சர். சிறுவயதில் அவர் பட்டறையில் கண்ட நேர்த்தி தம்மை உருவாக்கியது என்று ராம்ஸ் சொல்லியிருக்கிறார். அது நம்பத்தக்கதுதான், அவருடைய பொருள்களில் மூலைகள் அவ்வளவு கவனமாக இழைக்கப்பட்டிருக்கின்றன.

1970களின் பிற்பகுதியில், தம்மைச் சுற்றி வடிவங்களும் நிறங்களும் இரைச்சலும் பெருகுவதைக் கண்ட ராம்ஸ், தம்முடைய வடிவமைப்பு நல்லதுதானா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். அதற்கு விடையாக எழுந்தவைதான் பின்னர் புகழ்பெற்ற பத்துக் கோட்பாடுகள். புதுமை, பயன், அழகு, எளிதில் புரிதல், அடக்கம் ஆகியவை முதல் ஐந்து. அடுத்து நேர்மை, நீண்ட நாள் நிலைத்தல், நுணுக்கம் வரை முழுமை, சுற்றுச்சூழல் அக்கறை வரும். இயன்ற அளவு குறைவான வடிவமைப்பு என்பது பத்தாவது. இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட வேலைக்குப் பிறகு எழுதப்பட்டவை இவை என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டம் முதலில் வந்து பொருள் பின்னால் வரவில்லை. காலத்தோடு இவை மாறலாம் என்றே அவரும் கருதினார். வகுப்பறைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்பவர்கள்தான் இவற்றைக் கல்வெட்டாக்கிவிட்டார்கள்.

இவற்றில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது பத்தாவது. பொத்தான்களை மறைத்து, பெட்டிக்கு வெள்ளை அடித்தால் அது நிறைவேறிவிடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். எஸ்.கே.4இல் எந்தப் பொத்தானும் ஒளிந்திருக்கவில்லை. டி1000இல் மூடி திறந்தால் எல்லாமே அதனதன் இடத்தில் இருக்கும். தேவையானதை எடுத்துவிட்டு எளிமை என்று பெயர் சூட்டுவது, இருப்பதை விட அதிகமாகக் காட்டக்கூடாது என்ற நேர்மைக் கோட்பாட்டுக்கே எதிரானது. ஆப்பிள் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவராக இருந்த ஜானதன் ஐவ் ராம்ஸை வெளிப்படையாகப் போற்றியவர். 2001இன் ஐபாட் முகம் டி3ஐ நினைவூட்டும். ஐபோனின் முதல் கால்குலேட்டர் திரை பிரவுன் கால்குலேட்டரின் நேர் வாரிசு. முகச்சாயல் வந்தது. பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியாதபடி மூடிய அக்கருவிகளில் நீண்ட நாள் நிலைத்தல் என்ற ஏழாவது கோட்பாடும் வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வி ராம்ஸின் சொந்த வேலையையும் விடாது. மின்னணுக் கருவிக்கு ஆயுளைத் தீர்மானிப்பது அதன் உள்ளே இருக்கும் தொழில்நுட்பம். எவ்வளவு நேர்த்தியான பெட்டியில் வைத்தாலும் டிரான்சிஸ்டருக்கு அடுத்தது வந்தே தீரும். டி3 இன்று அருங்காட்சியகப் பொருள். உலகில் தேவையற்ற பொருள்கள் மிகுந்துவிட்டன, மறுபடி தொடங்கினால் வடிவமைப்பாளராக விரும்பமாட்டேன் என்ற பொருளில் முதுமையில் அவர் பேசியதும் இதையொட்டியே.

கோட்பாடுகளுக்கு முழுதாக ஈடுகொடுத்த பொருள் மின்சாரமே இல்லாத ஒன்று. 1960இல் விட்சோ நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த 606 என்ற சுவர் அலமாரி அது. சுவரில் பொருத்திய அலுமினியத் தடங்களில் சிறு முளைகளைச் செருகி, மெல்லிய உலோகத் தட்டுகளைத் தொங்கவிட வேண்டும். தட்டை ஏற்றவோ இறக்கவோ கருவி எதுவும் தேவையில்லை. புத்தகம் பெருகினால் இன்னொரு தட்டு வாங்கிச் சேர்க்கலாம். இன்று தயாராகும் உறுப்புகள் பல பத்தாண்டுகளுக்கு முன் வாங்கியவற்றோடும் பொருந்துகின்றன. வீடு மாறுபவர் பழைய அலமாரியைக் கழற்றி எடுத்துச்சென்று, புதுச் சுவரின் அளவுக்கேற்ப அடுக்கிக்கொள்ளலாம். அப்படி மாற்றியமைக்க உதவுவதையும் விட்சோ நிறுவனம் தன் வணிகத்தின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறது.