மூழ்குவோரும் கயிறு பிடிப்போரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தூத்துக்குடிக் கரையில் கலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், முத்துக்குளிப்பே முதலில் நினைவுக்கு வரும். கல்லின் பாரத்தால் முத்துப் பாருக்கு இறங்குபவர், ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளைப் பொறுக்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்தால், அக்கணமே இழுத்தாக வேண்டும். அந்தக் கயிறு மைத்துனர் கையில்தான் இருக்கும் என்பது இக்கரையில் வழங்கும் பேச்சு. உடன்பிறந்தவளின் தாலியும் அந்தக் கயிற்றோடுதானே பிணைந்திருக்கிறது! 1961-ஆம் ஆண்டுப் பருவத்தோடு முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது. ஆயினும் அந்தக் கயிறு உணர்த்தும் உண்மை ஓயவில்லை.

உள்ளுணர்வின் வழி வரையும் ஓவியமும் ஒருவகைக் குளிப்பே. இன்னதை வரைவது என்று முன்னரே தீர்மானியாமல், கை போகும் வழியே மனமும் போய், அடியில் கிடப்பதை எடுத்து வருவது அது. கவிஞர்க்கு நெருக்கமான சான்று இரவீந்திரநாத தாகூர். கையெழுத்துப் படிகளில் அடித்துவிட்ட சொற்களைக் கோடுகளால் இணைக்கப்போய், அங்கே பறவைகளும் விலங்குகளும் முகங்களும் தோன்றின. அறுபது வயதைக் கடந்தபின் ஓவியத்தில் முழுமூச்சாய் இறங்கினார். 1930-இல் பாரிஸ் நகரில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நிகழ்ந்தது. சொல்லால் உலகை வென்றவருக்கும் சொல் எட்டாத ஓர் அறை தமக்குள் இருந்தது. அதைத் திறந்து காட்டியவை, வேண்டாமென்று அடித்த சொற்களே.

தமிழகத்தில் இவ்வழியே மிக ஆழம் சென்றவர் ஓவியர் கே. இராமானுஜம். 1941-இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே, முறையாகக் கல்லாதவர்களின் படைப்புகளுக்குத் தனிப்பெயர் சூட்டி 1945 முதல் திரட்டலானார். இராமானுஜத்தை அந்த வரிசையில் அடைத்துவிட இயலாது. கற்ற கைதான் அவருடையது. ஆனால் அக்கை கண்டு வந்த உலகம் எந்தப் பள்ளியும் கற்பிக்காதது. மாடமாளிகைகள், தேர்கள், பாம்புகள், சிறகு முளைத்த உயிர்கள், தேவகன்னியர். அவற்றின் நடுவே தொப்பியணிந்த ஒரு சிறு மனிதர். அந்தத் தொப்பிக்காரர் இராமானுஜமே. மனநோயும் பேச்சுத் தடுமாற்றமும் தனிமைப்படுத்திய அம்மனிதர்க்கு, தெருவில் கிட்டாத வரவேற்பு அந்தக் கோட்டுலகில் கிட்டியது. தம்மைத் தாம் கண்டுகொண்ட இடம் அது.

எனினும் தம்மைக் காண்பது வேறு. பிறரோடு ஓரிடத்தில் உரியவராய் இருப்பது வேறு. முன்னதைத் தூரிகை தரும். பின்னதை மனிதரே தர இயலும். பள்ளியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், இராமானுஜத்தின் திறனை இனங்கண்டு அரவணைத்தார். 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில், கலைஞர்கள் பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்ற பணத்தைத் திரட்டிச் சோழமண்டலம் கலைக்கிராமத்தை உருவாக்கினர். அங்கே இராமானுஜத்துக்கும் ஓர் இடம் இருந்தது. கயிற்றைப் பலர் கைசேர்த்துப் பிடித்த இடம் அது.

ஆயினும் 1973-இல், நாற்பதைக்கூட எட்டாத வயதில், இராமானுஜம் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். இதை மறைத்துவிட்டுக் கலையே எல்லா நோய்க்கும் மருந்து என்று பேசுவது பொய்யாகும். துன்பமே கலையை ஈன்றது என்று போற்றுவது அதனினும் பெரும்பிழை. நோய்க்கு மருத்துவம் வேண்டும். தனிமைக்குத் துணை வேண்டும். அவரைத் துன்புறுத்தியது நோய். அந்த நோய்க்கு இடையிலும் வரைந்துகொண்டிருந்தது அவருடைய கை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் புகழ்தல் தகாது.

கவிஞர் பெருமக்களே, ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிலைப்பதன் பொருளும் இதுவே. மூழ்குவது அவரவர் தனித்தே செய்யும் தொழில். ஒருவருக்காக மற்றொருவர் மூழ்க முடியாது. ஆனால் புதிதாய் எழுத வந்த இளைஞர் ஒருவர், புரியாததொரு கவிதையை நடுங்கும் குரலில் படிக்கும்போது, சிரிக்காமல் கேட்டிருக்கும் பத்துப் பேர் இருந்தால், அவர்களே கயிறு பிடிப்போர். திங்கள் இரண்டு கூட்டங்களுக்கு அவர் வராதபோது, வீடு தேடிச் சென்று கதவைத் தட்டுபவரும் கயிறு பிடிப்பவரே.

எடுத்து வந்த முத்துக்குக் கரையில் பெருமதிப்பு உண்டு. கயிறு பிடித்த கைக்குக் காய்ப்பு மட்டுமே மிஞ்சும். அந்தக் காய்ப்பே இவ்வட்டத்தின் பத்தாண்டுப் பெருமை.