வயர் இல்லாத கீபோர்டு

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயர் இல்லாத கீபோர்டும் மவுஸும் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இது புளூடூத்தா, இல்லை யுஎஸ்பியில் செருகுகிற குட்டி ரிசீவரோடு வருவதா?

மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் ரிசீவர் உள்ளதைத்தான் நான் சொல்வேன். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் புளூடூத்தே கிடையாது. இருந்தாலும், விண்டோஸ் வருவதற்கு முன்பு தோன்றும் பயாஸ் திரையில் புளூடூத் கீபோர்டு பெரும்பாலும் வேலை செய்யாது. கம்ப்யூட்டர் பழுதாகி நிற்கும்போதுதான் அந்தத் திரை நமக்குத் தேவைப்படும்.

சரி, வாங்கியாயிற்று. மவுஸின் அம்பு விட்டுவிட்டு நகர்கிறதா? பேட்டரி புதிதாக இருந்தும் அப்படித்தானா? ரிசீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். யுஎஸ்பி 3.0 இணைப்பில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது கசிகிற மின் இரைச்சலும் அதே அலைவரிசையில்தான் வந்து விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் அந்த யுஎஸ்பி 3.0 துளைகளை விட்டு ரிசீவரைத் தள்ளிச் செருகுங்கள். ஒரு சிறிய யுஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, ரிசீவரை மேஜைமேலேயே கொண்டுவந்து வைத்தால் இன்னும் நல்லது.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டைத் தேடி அலைய வேண்டாம். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறை, சாதாரண ஆங்கிலக் கீபோர்டிலேயே இயங்கும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம்.

மவுஸை வெறும் கண்ணாடி மேஜையில் வைக்காதீர்கள். ரிசீவரைக் கழற்றினால் மவுஸின் அடியிலேயே, பேட்டரிக்குப் பக்கத்தில், அதற்கென்று ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். பல மவுஸ்களில் இருக்கும்.