கைத்தொழிலுக்கு முதல் விருப்பம்



பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம்தான் ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையத்தைப் பற்றிய பேச்சை எடுக்கிறோம். நன்றாகப் படிக்கும் பிள்ளை தானாக அதைக் கேட்டால் வீடே பதறுகிறது. இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இங்கு வந்திருக்கிறேன்.

ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவில் சேரும் மாணவர் தொடக்கத்திலேயே அரத்தைப் பிடிக்கிறார். வைஸில் இறுக்கிய இரும்புத் துண்டை நாள்கணக்கில் ராவுகிறார். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார். இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் பரப்பு இன்னும் சமமாகவில்லை. மறுபடியும் ராவ வேண்டும். அடுத்து வெர்னியர் என்ற அளவுகருவி வருகிறது. அது 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும். நாம் எழுதும் தாளின் தடிமனே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். இவற்றோடு வரைபடம் படிக்க வேண்டும், உலோகத்தின் குணம் தெரிய வேண்டும், பிசகு எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். படிப்பு வராதவர்களுக்கான வேலை என்று இதை எப்படிச் சொல்வது?

கையால் கற்ற அறிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கோவையே சான்று. அந்த ஊரின் ஜி.டி.நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பூட்டி இயந்திரம் கற்றவர். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்த நாட்டிலேயே மின்மோட்டார் உருவாக்கினார். மோட்டாரும் பம்புசெட்டும் கோவையின் அடையாளமானதற்குப் பின்னால் பட்டறைகளில் வளர்ந்த இந்தக் கையறிவு இருக்கிறது.

அவரைப்போல் தனியாகத் தட்டுத்தடுமாற வேண்டிய நிலை இன்று இல்லை. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. தமிழ்நாட்டில் அரசு ஐ.டி.ஐ.க்கள் பலவற்றில் இப்போது ரோபோவும் கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரமும் இருக்கின்றன. மேலே படிக்கவும் வழி உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து பொறியியல் கல்லூரிக்கும் போகலாம்.

தொழில் நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். பழக வந்த பிள்ளையைக் குறைந்த கூலிக்குக் கிடைத்த ஆளாக நடத்தாதீர்கள். இயந்திரத்தின் அருகில் நிறுத்திக் கற்றுக்கொடுங்கள். கண்ணாடியும் கையுறையும் கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் அதே இயந்திரத்தைக் கொடுங்கள். திறமைக்கேற்ற ஊதியம் தராமல் தொழிலின் பெருமையைப் பேசுவதில் நியாயமில்லை.

ஆசிரியர்களே, ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவர்களை ஒரு பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். மதிப்பெண் பட்டியல் வருவதற்கு முன்பே அவர்கள் அரத்தைப் பிடித்துப் பார்க்கட்டும். பெற்றோர்களே, எந்த வேலையில் உங்கள் பிள்ளை பசி மறந்து நிற்கிறது என்று பாருங்கள். மாணவர்களே, உங்கள் மனம் பட்டறையில் இருந்தால் அதை வெட்கப்படாமல் வீட்டில் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் அதையே முதல் விருப்பமாக எழுதுங்கள்.