வறுமைக்கு நாங்கள் எழுதிய விடை

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் படித்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். ஏன் மண்ணெண்ணெய் இல்லை என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் காரணம் சொல்லும். எங்கள் இல்லாமைக்குச் சோம்பல்தான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதே விளக்கடியில்தான் சமூகக்கல்வி வினாவுக்கு விடை எழுதினோம். வறுமையின் காரணங்கள் யாவை? குடி, சோம்பல், கல்வியறிவின்மை. முழுப் புள்ளி! தேயிலை, இறப்பர், தெங்கு என்று ஏற்றுமதிப் பயிர்களையும் பாடமாக்கினோம். கொழுந்து பறிப்பவரைப் பற்றி ஒரு வரி எழுதியதாக ஞாபகம் இல்லை. எங்கள் வீடுகள் சிலவற்றில் மலையகத்துப் பிள்ளைகள் வேலைக்கு நின்றார்கள். எங்கள் வயதுதான். அவர்கள் ஏன் பள்ளிக்கூடம் வருவதில்லை என்று நாங்கள் கேட்கவில்லை.

பிறகு எங்களில் சிலர் வைத்தியர்களாகி மலையகத்துக்குப் போனோம். கர்ப்பிணித் தாய்மாருக்கு இரத்தச்சோகை. முட்டை, மீன், ஈரல் சாப்பிடுங்கள், கிளினிக்குக்குத் தவறாமல் வாருங்கள் என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னோம். "சரிங்க டொக்டர்" என்று தலையாட்டிப் போனார்கள். கிளினிக் வந்தால் அன்றைய 'பேர்' இல்லை, அதாவது நாட்கூலி இல்லை என்று எங்களுக்கு விளக்கியவர் மருத்துவமாது. 2021இல் அந்தக் கூலி 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. கொழுந்து நிறை எட்டாவிட்டால் அரைப்பேர்தான். இருப்பது 10க்கு 12 அடி லயத்து அறை. குடும்பத்தில் ஒருவரும் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் அந்தக் கூரைக்கும் உத்தரவாதமில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலானோரைப் பிரஜைகள் அல்லாதோர் ஆக்கியது. நாடற்றவர்களாக எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆனது. வாக்கில்லாதவருக்கு யார் வீதி போடுவார், பள்ளிக்கூடம் கட்டுவார்? குடிக்கிற புருஷன்மாரும் இருந்தார்கள்தான். எங்கள் ஊரில் இல்லையா?

சங்கம் புலமைப்பரிசில் கொடுக்கிறது. நல்லது, தொடரட்டும். கூடவே பத்தாந்தரப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கொப்பி கொடுப்போம். ஐந்து பேர் கொண்ட குடும்பம், இன்றைய நாட்கூலி, மாதத்தில் கிடைக்கும் பேர். அரிசி, மா, பருப்பு, பஸ் காசு எல்லாம் எழுதிக் கூட்டட்டும். முட்டை எந்த வரியில் வருகிறது என்று பார்க்கட்டும். பிறகு அந்தக் கூலியை எவர் தீர்மானிக்கிறார் என்று தேடட்டும்.

ஆசிரியர்களுடன் பேசினோம். அடுத்த தவணை கிழமைக்கு ஒரு பாடவேளை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொப்பிச் செலவு எங்கள் வகுப்புடையது.