பல்கலைக்கழகத்திற்கு நாம் கொடுத்த பணம்

(தோட்டக் கிளைக் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரசாங்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேசும்படி கிளைச் செயலவை நம்மைப் பணித்திருக்கிறது. சம்பளம், வீட்டுடைமை, மூடப்படும் தோட்டங்கள் என்று பேசுவதற்கு ஆயிரம் இருக்க, இந்தப் பொருள் எதற்கு என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுப்பது காதில் விழாமல் இல்லை. "பல்கலைக்கழகம் படித்தவன் வீட்டுச் சங்கதி. பெரட்டுக் களத்தில் நிற்கிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். இந்நாட்டில் உயர்கல்வி என்பது வெள்ளைக்கார ஆட்சி தானாக மனமிரங்கித் தந்த தருமம் என்று நினைப்போர் இன்னும் உண்டு. நடந்தது வேறு. 1904ஆம் ஆண்டில் டான் ஜியாக் கிம் முதலியோர், சிங்கப்பூரில் ஒரு வைத்தியப் பள்ளி வேண்டும் என்று கவர்னருக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். மக்கள் 71,000 வெள்ளி திரட்டிக் கொண்டு வரட்டும், பார்க்கலாம் என்று பதில் வந்தது. அவர்கள் 87,077 வெள்ளி திரட்டினார்கள். அதில் 12,000 வெள்ளி டான் ஜியாக் கிம் தம் கையிலிருந்து கொடுத்தது. 1905இல் பள்ளி திறந்தது. எந்தக் கட்டடத்தில் தெரியுமா? பெண் மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த பழைய கட்டடத்தில்! காலனி அரசாங்கத்தின் தாராளம் அவ்வளவுதான். அந்தப் பள்ளிதான் பிறகு ஏழாம் எட்வர்டு மன்னர் வைத்தியக் கல்லூரியாயிற்று. 1949 அக்டோபர் 8இல் ராபிள்ஸ் கல்லூரியுடன் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. 1962இல் அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகமாகவே நின்றது, மற்றது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

இவற்றை நடத்த ஆண்டுதோறும் பணம் எங்கிருந்து வந்தது? அரசாங்கக் கஜானாவிலிருந்து. கஜானாவுக்கு எங்கிருந்து வந்தது? இந்த நாட்டின் வருமானத்தை அந்நாளில் தாங்கி நின்றவை ரப்பரும் ஈயமும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக் கடியோடும் கொசுக்கடியோடும் நிரை பிடித்துப் பால் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமார் வருமான வரிப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் வாளியில் சேர்ந்த பால்தான் ஏற்றுமதியாகி, தீர்வையாகி, கட்டடமாகி, பேராசிரியர் சம்பளமாகி நின்றது.

இதற்கு நம் தொழிலிலேயே கண்கூடான உதாரணம் உண்டு. 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இங்கே அமைக்கப்பட்டது. அதை நடத்த, ஏற்றுமதியாகும் ரப்பரின் மேல் ஒரு செஸ் வரி போடப்பட்டது. அந்தப் பணத்தில் விஞ்ஞானிகள் வேலை செய்தார்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டுரகத்தை இங்கே வெட்டாத கை எந்தக் கை? அது அந்த ஆராய்ச்சியில் பிறந்தது. பால் கூடியது, தோட்ட முதலாளிக்கு இலாபம் கூடியது. வெட்டுகிறவன் சம்பளம் அதே வேகத்தில் கூடியதா என்று கேட்காதீர்கள், அது வேறொரு கூட்டத்துக்குரிய விஷயம். நாம் இங்கே சொல்ல வருவது ஒன்றுதான்: ஆராய்ச்சிக்கும் உயர்கல்விக்கும் பொதுப்பணம் போடுவது புதுமையான கோரிக்கை அல்ல. முதலாளிக்கு நன்மை தரும்போது அதை யாரும் வீண்செலவு என்று சொன்னதில்லை. தொழிலாளி வீட்டுப் பிள்ளை உள்ளே நுழையும் காலத்தில்தான் "அரசாங்கம் எத்தனை நாளைக்குச் சுமப்பது?" என்ற பேச்சு எழுகிறது.

வரியாக மட்டுமா கொடுத்தோம்? 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயலுக்குத் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, அதில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டத்திலும் ஊரிலும் இருந்த சாதாரண மக்கள் சிறுசிறு தொகையாகப் போட்டார்கள். பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்கள் சேர அந்தப் பணம் உதவிற்று. 1956இல் தொடங்கிய அத்துறை பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயக அடிகள் அதன் தலைவராய் இருந்த காலத்தில், 1966 ஏப்ரலில், முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு அங்கேதான் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், தாம் ஒருநாளும் நுழைய முடியாத நூலகத்துக்குப் புத்தகம் வாங்கக் காசு கொடுத்திருக்கிறார். இப்படிப்பட்டவரை, பல்கலைக்கழகத்தோடு சம்பந்தமில்லாதவர் என்று எவர் சொல்ல முடியும்?

சீனத் தோழர்களின் கதை இதைவிடப் பெரிது. 1953இல் டான் லார்க் சை என்ற ரப்பர் வியாபாரி நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு 50 இலட்சம் வெள்ளி தருவதாக அறிவித்தார். அவர் பணக்காரர், கொடுத்தார். ஆனால் டிரைஷா மிதிப்பவர்கள் ஒருநாள் வருமானத்தை அப்படியே கொடுத்தார்களே, அதை என்னவென்று சொல்வது? ஜூரோங்கில் கட்டடம் எழுந்தது. எனினும் அந்தப் பட்டங்களை அரசாங்கம் அங்கீகரிக்க 1968 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1980இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, நன்யாங் என்ற பெயரில் இயங்கிய அந்தப் பல்கலைக்கழகம் முடிவுக்கு வந்தது. அதற்கு அரசியல் காரணங்கள் பல. ஆனால் நமக்கு இதில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. உண்டியல் பணத்தால் ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கலாம். ஆண்டுக்கு ஆண்டு ஆசிரியர் சம்பளம், ஆய்வுக்கூடம், மாணவர் விடுதி என்று நடத்திச் செல்ல அரசாங்கத்தின் நிலையான மானியமும் அங்கீகாரமும் வேண்டும். "சமுதாயமே ஒரு பல்கலைக்கழகம் கட்டிக்கொள்ளலாமே" என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.

சரி, கொடுத்தோம். திரும்ப என்ன வந்தது?

பட்டம் வாங்கியவன் பட்டணத்தில் குடியேறிவிட்டான், நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1974ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ரப்பர் விலை விழுந்து கிடந்தது, அரிசி விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. கெடாவில் பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள் பசி பொறுக்காமல் வீதிக்கு வந்தார்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூர் திடலில் வந்து நின்றவர்கள் யார்? பல்கலைக்கழக மாணவர்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைதானார்கள். அடுத்த ஆண்டே, 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் திருத்தப்பட்டது. மாணவர்கள் அரசியல் கட்சியோடு மட்டுமல்ல, தொழிற்சங்கத்தோடும் தொடர்பு வைக்கலாகாது என்று எழுதப்பட்டது. தோழர்களே, தொழிற்சங்கம் என்ற சொல்லைச் சட்டத்தில் ஏன் எழுதினார்கள்? படித்த பிள்ளையும் பால் வெட்டுகிறவனும் ஒரே திடலில் நின்றால் என்ன ஆகும் என்பதை நம்மைவிட அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்! 2012இல் அந்தக் கட்டு தளர்த்தப்பட்டது. ஆனால் இடைப்பட்ட முப்பத்தேழு ஆண்டுகளில் நமக்கும் அவர்களுக்கும் நடுவே வளர்ந்த புதரை எந்தச் சட்டத் திருத்தமும் வெட்டிவிடாது.

மற்ற நன்மைகளை விரித்துரைக்கத் தேவையில்லை. பெட்டாலிங் ஜெயா பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய் வராத குடும்பம் இங்கே குறைவு. செர்டாங்கில் 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது இன்று புத்ரா பல்கலைக்கழகம்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1997இல் உயர்கல்விக் கடன் நிதி வந்தது, நாமெல்லாம் பி.டி.பி.டி.என். என்று சொல்வது. 1998இல் மலாயாப் பல்கலைக்கழகம் முதலான பழைய பல்கலைக்கழகங்கள் நிறுவன அமைப்புக்கு மாற்றப்பட்டன. உங்கள் செலவில் ஒரு பங்கை நீங்களே சம்பாதித்துக் கொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். 2016ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் மானியத்தில் பெருத்த வெட்டு விழுந்தது. மானியத்தை வெட்டினால் பல்கலைக்கழகம் என்ன செய்யும்? ஒன்று ஆளைக் குறைக்கும், அல்லது சீட்டை விற்கும்.

சீட்டை விற்பது என்று நாம் கோபத்தில் சொல்லவில்லை. யு.பி.யு. வழியாக நுழையும் மாணவனுக்குச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. அவன் கட்டுவது சொற்பம். அதே பல்கலைக்கழகத்தில், அதே பாடத்திற்கு, திறந்த வழி என்ற பெயரில் இன்னொரு வாசல் இருக்கிறது. அதில் நுழைபவன் பல மடங்கு கட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தார் சொல்வது: அந்த இடங்கள் தனி, யாருடைய இடத்தையும் அவை பறிப்பதில்லை. இருக்கலாம். ஆனால் எஸ்.டி.பி.எம்.மில் நல்ல புள்ளி எடுத்தும் விரும்பிய பாடம் கிடைக்காத பிள்ளையிடம், "பணமிருந்தால் இந்தப் பக்கம் வா" என்று சொல்கிற வாசலை நாம் எப்படிப் பார்ப்பது? 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசல் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றே.

இங்கே ஒரு தோழர் எழுந்து, "நம் பிள்ளைகளுக்கு இடமே சரியாகக் கிடைப்பதில்லை. மெட்ரிகுலேஷனில் ஒதுக்கீடு, அதிலும் நமக்குக் கையளவு. பின் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மானியம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன?" என்று கேட்கக்கூடும். இந்த மனக்கசப்பை நாம் இலேசாக எண்ணவில்லை. நுழைவில் நியாயம் கேட்டு நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகிறோம், இனியும் கொடுப்போம். ஆனால் கசப்பு நம்மைத் தவறான முடிவுக்குத் தள்ளிவிடக்கூடாது. தண்ணீர்க் குழாயில் நம் வீட்டுக்கு முறை வருவதில்லை என்றால் முறை கேட்டுச் சண்டை போடுவோமா, குழாயை ஒரு வியாபாரிக்கு விற்றுவிடு என்போமா? விற்ற பிறகு முறையே கிடையாது, காசுதான். ஒதுக்கீட்டால் அடைபட்ட கதவை என்றேனும் ஒருநாள் வாதாடித் திறக்கலாம். 2024இல் எஸ்.பி.எம்.மில் பத்து ஏ அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் என்று அரசாங்கம் அறிவித்ததே, அது தானாக வந்ததல்ல. கட்டணத்தால் அடைபட்ட கதவோடு யார் வாதாடுவது?

இன்னொரு வாதம் உண்டு. பட்டதாரி பிறகு நிறையச் சம்பாதிக்கிறான், ஆகவே அவனே கட்டட்டும், கூலிக்காரன் வரிப்பணத்தில் டாக்டர் மகன் ஏன் படிக்க வேண்டும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் உள்ளே இருந்தால் மானியமும் பணக்காரனுக்கே போய்ச் சேரும். ஆனால் அதற்கு மருந்து எல்லோர் கட்டணத்தையும் ஏற்றுவதா? அதிகம் சம்பாதிக்கிறவனிடம் வருமான வரி வாங்கத்தான் சட்டம் இருக்கிறதே! பட்டதாரி நன்றாகச் சம்பாதித்தால் வரியாகக் கொடுக்கட்டும். குறைவாகச் சம்பாதித்தால் கொடுக்க வேண்டாம். கடன் அப்படிப் பார்ப்பதில்லை. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கடன் கடனே. முதல் வகுப்பில் தேறினால் நிபந்தனையோடு விலக்கு உண்டு என்பது உண்மை. பகுதி நேரம் கடையில் நின்று வேலை செய்துகொண்டே படிக்கிற பிள்ளைக்கு முதல் வகுப்பு எட்டுவது எவ்வளவு கடினம் என்பது அந்த விதியை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கடன் என்ற சொல் நம் குடும்பங்களில் சாதாரணச் சொல் அல்ல. கப்பலேறிய நாள் முதல் கங்காணிக்குக் கடன், கடைக்காரனுக்குக் கடன் என்று வாழ்ந்த பரம்பரை இது. படிப்பு நம்மை அதிலிருந்து விடுவிக்கும் என்று நம்பினோம். வேலைக்குப் போகும் முதல் நாளே முதுகில் கடனைக் கட்டிக்கொண்டு போகிற ஏற்பாட்டை ஒரு தொழிற்சங்கம் வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே இக்கூட்டத்தின் முன் செயலவை வைக்கும் தீர்மானம் இது: அரசாங்கப் பல்கலைக்கழக மானியத்தைக் குறைக்கலாகாது. கூட்டித் தரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஈடாக, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்பதைப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அப்பிள்ளைகளுக்குக் கடனுக்குப் பதில் உபகாரச் சம்பளம் வேண்டும். தீர்மானத்தை எதிர்த்துப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாகப் பேசலாம்.

அரசாங்கம் கேட்கும்வரை நம் பிள்ளைகள் வளராமல் காத்திருக்கப் போவதில்லை. ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லையென்று சொல்லி உடனே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடாதீர்கள். ஆறாம் படிவம் அரசாங்கப் பள்ளியிலேயே இருக்கிறது, மூன்று பருவம், செலவு மிகக் குறைவு. யு.பி.யு. கணக்கில் நூற்றுக்குப் பத்துப் புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு. பந்தடிப்பதும் சங்கத்தில் சேர்வதும் வீண் என்று பிள்ளையைத் திட்டுகிற தகப்பன்மார் இதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ்களைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். விண்ணப்பம் இணையத்தில்தான் போட வேண்டும். அது கைவராதவர்கள் கிளைச் செயலாளரிடம் வரலாம், நம் இளைஞர் பகுதியில் இதைச் செய்து கொடுக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவ்வாண்டு ஐந்தாம், ஆறாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகளின் பெயரை இன்று கலைவதற்கு முன் வாசலில் இருக்கும் மேசையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.